அரைப் பேர்

தலவாக்கலை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் ஒரு பாடம் பெயிலாகிவிட்டது என்றாய். சரி. ஆனால் "ஒங்க உழைப்பையெல்லாம் வீணாக்கிட்டேன், நான் எதுக்கும் லாயக்கில்ல" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசிவிடுவாய்.

பேர் கணக்கு உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் மலையில் 18 கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க நனைந்து, அட்டைக்கடியும் வாங்கி, 17 கிலோவோடு நிறுவைக்கு வந்து நின்றாலும் அன்றைக்கு ஒருத்தி அரை ஆள்தான். அதிலும் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துக்கொள்வார்கள்.

உனக்கு ஏழு வயது இருக்கும். ஆடி மாதம், காற்றும் மழையும். கொழுந்தே இல்லை. மூன்று நாள் தொடர்ந்து எனக்கு அரைப் பேர். மூன்றாம் நாள் வழுக்கி விழுந்து கூடையும் கொட்டிப்போனது. லயத்தில் நம் வீட்டுக் காம்பராவுக்கு வந்தால் நீ விளக்குச் சிமினியை உடைத்துவிட்டு நிற்கிறாய். அடித்தேன். உன் கையிலிருந்த ரொட்டி வாசல் இஸ்தோப்பில் விழுந்தது. நீ அழவில்லை. அதை எடுத்து, மண்ணை ஊதி ஊதி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றாய்.

அந்த ஒரு நாளுக்காக எத்தனையோ வருடம் எனக்கு நானே அரைப் பேர் போட்டுக்கொண்டேன். பக்கத்துக் காம்பரா அக்காதான் ஒரு நாள் கேட்டார்: "நான் அடிச்சிருந்தா என்னைய இப்புடித்தான் திட்டுவியா?" எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கென்றால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "விடுங்கக்கா, நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும் செஞ்சு குடுங்க" என்றிருப்பேன். அடித்தது தப்பு, இன்றைக்கும் தப்புதான். ஆனால் அதை நினைத்து ராத்திரியெல்லாம் என்னையே கரித்துக் கொட்டியதில் உனக்கு என்ன கிடைத்தது? தூக்கம் கெட்டு மறுநாளும் உன்மேல்தான் எரிந்து விழுந்தேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் நீ காய்ச்சலில் கிடந்தாய். செலவுக்கு எங்களிடம் கேட்கக் கூடாது என்று இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷனும் சொல்லிக் கொடுத்தாய். அதையெல்லாம் பேர் பதிகிற எந்தச் செக்ரோலில் எழுதினாய், மகளே?

உங்கப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் வேரில் அயோடின் போட்டு மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பார்களாம், இல்லையென்றால் செடியைக் கொஞ்ச நாள் ஓய்வாக விடுவார்களாம். "மரத்துக்கே பாக்குறாங்க, புள்ளையத் தூங்கச் சொல்லு" என்கிறார். அவருக்கு எதைச் சொன்னாலும் தேயிலையில்தான் போய் முடியும். ஆனாலும் தூங்கு. ரிப்பீட்டை அப்புறம் எழுதலாம்.

தீபாவளிக்குக் கட்டாயம் வா. குடை கொண்டு வா, இங்கே மழை விட்டபாடில்லை. போன தடவை விட்டுப்போன கம்பளிச் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன். புகை வாசம் அடிக்கும், அதற்கு அம்மாவைத் திட்டாதே.

அம்மா