கிழக்கே சாய்ந்த தென்னைகள்

பொள்ளாச்சி
ஆடி 12

அன்புள்ள மாப்பிள்ளை பழனிசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்தபோது வீட்டில் எல்லாருக்கும் மனசு நிறைந்தது. பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே. வலிக்கிறது என்று நாலு நாள் விட்டால் அப்புறம் காலை மடக்க வராது, என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஐப்பசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். மழை பரவாயில்லை. காற்றுதான் ராத்திரி முழுக்க மாடித் தகரத்தைப் போட்டு அடிக்கிறது. அந்தக் காற்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மகளைப் பார்க்க ஜெர்மனி போனபோது ஹாம்பர்கில் மினியேச்சர் வுண்டர்லேண்ட் என்கிற பொம்மை ரயில் கண்காட்சியைப் பார்த்ததை நாலு பக்கம் எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்தேன். 2001ல் திறந்த இடம், இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கேயும் என் மாடி அறைப் பொம்மை ரயில் போல எச்.ஓ. அளவுதான், நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. இரண்டு லட்சத்துக்கும் மேல் பொம்மை ஆட்கள் நிற்கிறார்கள் என்று எழுதிவிட்டு, "உன் ரயிலில் எத்தனை பேர்?" என்று கேட்டிருந்தாய். இருபத்து மூன்று பேர், மாப்பிள்ளை. அந்த இருபத்து மூன்று பேர் நிற்கிற ஊரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ கடைசியாக வந்தபோது மாடி அறையில் ஒன்பது அடிக்கு மூன்று அடி பிளைவுட், அதன் மேல் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன் கட்டடம், அவ்வளவுதான் இருந்தது. என்ஜின் ஓடியது, நீயும் கைதட்டினாய். ஆனால் அது எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது அது கிணத்துக்கடவு. 1976, நாம் பி.யூ.சி. படிக்கக் கோயமுத்தூருக்கு ஏறிப் போன ஸ்டேஷன். 1915ல் போட்ட அந்த மீட்டர் கேஜ் பாதையைப் பிடுங்கி, 2017ல் அகலப் பாதையாகத் திரும்பக் கொடுத்தார்கள். நல்லதுதான், வேகமாகப் போகிறது. ஆனால் நாம் ஏறிய அந்தக் குட்டி ரயில் இனி என் மேசையில் மட்டும்தான் ஓடும். அதனால் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று பிடிவாதம்.

முழுக்க அளவுப்படி செய்ய முடியாது. ஒரு கிலோமீட்டர் 11.5 மீட்டராக வரும், என் அறையின் சுவரை இடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடும். அதனால் தூரத்தைச் சுருக்கினேன், பொருள்களைச் சுருக்கவில்லை. ஆள் என்றால் 19 மி.மீ. பனைமரம் என்றால் ஒரு சாண். பீளமேட்டில் இத்தனை வருஷம் வார்ப்படத்துக்குப் பேட்டர்ன், அதாவது மாதிரி உருவம், செய்த கை இது. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்று அதையும் சேர்த்து அளந்தே பழகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு போட வராது.

முதலில் ஜல்லி. தண்டவாளத்தில் கிடக்கிற 50 மி.மீ. கருங்கல் ஜல்லி இந்த அளவில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்தேன், கீழே விழுந்த பொடியையும் மேலே தங்கிய கல்லையும் தள்ளி, நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டைகளுக்கு நடுவே தூவி, பிரஷால் ஒதுக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், முதல் சொட்டு உருண்டையாக நின்று ஜல்லியையும் உருட்டிக்கொண்டு ஓடியது. தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு துளி விட்டு, அதை முன்னால் தெளித்துவிட வேண்டும். அப்புறம் பசை சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. காய ஒரு நாள். காய்ந்ததும் தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு அடித்தேன், மேற்பரப்பை மட்டும் துடைத்துச் சுத்தமாக வைத்தேன். அதன் வழியாகத்தானே என்ஜினுக்குக் கரண்ட் போகிறது.

மண்ணை விலைக்கு வாங்க மனசு வரவில்லை. பாக்கெட்டில் வருகிற வெளிநாட்டுப் பொடி எதுவும் நம் செம்மண் நிறத்துக்கு வருவதில்லை. கிணத்துக்கடவுக்கே போய், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டோரம் இரண்டு படி மண் அள்ளி வந்தேன். சலித்து, வாணலியில் வறுத்து, அப்படியே தூவினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஒரு வாரத்தில் என்ஜின் திக்கியது, பத்தாம் நாள் நின்றேவிட்டது. பிரித்துப் பார்த்தால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புப் பொடி. நம் மண்ணில் இரும்பு அதிகம், உனக்குத் தெரியும். இப்போது மண்ணைத் தட்டில் பரப்பி, காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டுத் துழாவுகிறேன். பையின் வெளியே கறுப்பு மயிர் முளைத்த மாதிரி பொடி ஒட்டிக்கொண்டு வருகிறது. பையை உள்பக்கமாகத் திருப்பிக் காந்தத்தை எடுத்துவிட்டால் அத்தனையும் பையோடு போய்விடும். ஐந்தாறு தடவை செய்தால்தான் ஒன்றும் வராமல் நிற்கிறது. மேசையில் இருந்த பழைய மண் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மூன்று வாரம் போனது.

அந்த மண்ணையே பசையோடு குழைத்து ஒரு சாண் அகலத்துக்குப் பூசி, ஈரம் இருக்கும்போதே தலைசீவுகிற சீப்பை இழுத்தேன். ஆடிப் பட்டத்துக்கு உழுத காடு அப்படியே வந்துவிட்டது. சீப்புப் பல்லின் இடைவெளியும் உழவுச் சாலின் அளவும் பொருந்தியதைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

புல்லுக்குப் பேரன் உதவினான். நைலான் தூசி மாதிரி 2 மி.மீ., 4 மி.மீ. இழைகள் விற்கிறார்கள். அவற்றைச் சும்மா தூவினால் படுத்துக்கொள்ளும். ஒரு பழைய கொசு பேட்டைப் பிரித்து, அதன் ஒரு கம்பியை டீ வடிகட்டியிலும் இன்னொன்றை ஈரப் பசையில் குத்திய ஆணியிலும் இணைத்தான். வடிகட்டியில் இழையைப் போட்டுக் குலுக்கினால் மின்னேற்றம் பெற்று ஒவ்வொன்றும் நெட்டக்குத்தலாகப் பசையில் போய் நிற்கிறது. பட்டனை விட்ட பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், தொட்டுவிடக் கூடாது. பச்சை இழை ஒரு பங்கு என்றால் காய்ந்த வைக்கோல் நிறம் மூன்று பங்கு கலந்தேன். பச்சை கூடினால் ஊர் உடனே கேரளாவுக்குப் போய்விடுகிறது.

கிளுவை வேலிக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினேன். இரண்டு வேலிக்கு நடுவே இட்டேரி. நாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து ரயில் பிடிப்போமே, அந்த இட்டேரிதான். வண்டித்தடம் இரண்டும் பள்ளமாக, நடுவில் மட்டும் புல் இருக்கிறது.

இப்போது காற்றைப் பற்றி. காகிதத்தை நகவெட்டுக் கத்திரியால் ஓரம் ஓரமாக நறுக்கி மட்டை செய்து, நாற்பது தென்னை நட்டிருந்தேன். ஒவ்வொரு மட்டையும் 6 செ.மீ., ஒரு மரத்துக்குப் பதினெட்டு மட்டை. நாலு மாத வேலை. நட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. என்னவென்று தெரியவில்லை. மரம் சரி, நிறம் சரி, ஆனால் நம் ஊர் மாதிரி இல்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற மேகாற்று தலையைத் தள்ளிக்கொண்டு அடிக்கிறது. எதிரே தோப்பு. பார்த்தேன் மாப்பிள்ளை. ஒரு மரம்கூட நேராக இல்லை. மட்டையெல்லாம் கிழக்கே வாரிச் சீவிய தலை மாதிரி இருக்கிறது. காற்று நின்ற பிறகும் மரத்தண்டில் அந்தச் சாய்வு இருக்கிறது. வருஷா வருஷம் ஆனியிலும் ஆடியிலும் வாங்கிய அடி. அறுபது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் கண்ணில் பட்டதில்லை.

கீழே வந்து நாற்பதையும் பிடுங்கினேன். பிடுங்கும்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. 1976ல் நம் பக்கம் இத்தனை தோப்பு ஏது? நிலக்கடலையும் சோளமும்தானே நின்றது. தென்னை என்றால் கிணற்றோரம் நாலு, வாய்க்காலோரம் ஐந்து. அந்த ஒன்பதை மட்டும் கிழக்கே சாய்த்துத் திரும்ப நட்டேன். மற்ற இடத்தில் பனை. மேசையின் கிழக்குப் பக்கம் உட்கார்ந்து மேற்கே பார்க்கிற மாதிரிதான் வைத்திருக்கிறேன், பின்னால் பலகையில் மலை, கிட்டத்து மலை பச்சையும் நீலமுமாக, தூரத்து மலை வானத்தோடு கரைகிற மாதிரி. அதனால் மரமெல்லாம் என்னைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. அறைக்குள் காற்றே இல்லை, ஆனால் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் எல்லாவற்றையும் அந்தக் காற்றுக்கு ஒப்பத் திருத்தினேன். லைன்மேன் வீட்டுக் கொடியில் காய்கிற சேலை, ஸ்டேஷன் கொட்டகையில் குவிந்த சருகு, ஒரு பெரியவரின் தோள் துண்டு, எல்லாம் கிழக்கே.

ஆட்களைப் பற்றிச் சொல்லவில்லையே. வெளிநாட்டுப் பொம்மைகள் எல்லாம் கோட்டும் தொப்பியும். தொப்பியைக் கத்தி முனையால் சீவி உருமாலை ஆக்கினேன். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி, காய்ந்ததும் மடிப்பு அப்படியே நிற்கிறது. முதலில் அறுபது பேரை நிறுத்தியிருந்தேன், தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. நாம் நின்ற பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டம் என்றைக்கு இருந்தது? ஒவ்வொருவராக எடுக்க எடுக்க ஸ்டேஷன் பெரிதாகிக்கொண்டே வந்தது. இருபத்து மூன்றில் நிறுத்தினேன்.

கிணத்துக்கடவுப் பொன்மலையையும் ஒரு மூலையில் செய்திருக்கிறேன். முதல் மலையைத் தெர்மோகோலில் செதுக்கி ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன், பெயின்ட்டில் இருக்கிற தின்னர் தெர்மோகோலைத் தின்று குழி குழியாகிவிட்டது. இரண்டாவதுக்குக் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் மேலே போர்த்தி, அப்புறம்தான் நிறம் கொடுத்தேன். வேலாயுத சுவாமி கோயிலுக்கு ஏறுகிற படியும் வைத்தாகிவிட்டது. ஸ்டேஷன் சுவருக்கு வெள்ளை அடித்து, அடியில் 3 மி.மீ. உயரத்துக்குச் செம்மண் பொடியைப் பிரஷால் தொட்டு வைத்தேன், மழைத் தெறிப்பு. அந்த ஒரு கறைதான் கட்டடத்தைத் தரையோடு சேர்த்தது. அதற்கு முன்னால் மேசையில் கொண்டுவந்து வைத்த பெட்டி மாதிரிதான் இருந்தது.

மிச்சம் இருப்பது உங்கள் தோட்டத்துக் கிணறு. ரோடு அகலப்படுத்தும்போது அதை மூடிவிட்டார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து அதைச் செய்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. ரயில் தாண்டும்போது நீ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அப்பா மோட்டார் போட்டுட்டார்" என்று சொல்வாயே, அந்தக் கிணறு. பிளைவுட்டில் 11 செ.மீ. சதுரமாக வெட்டிவிட்டேன். நிஜ ஆழத்துக்குக் கீழே இடம் இல்லை, பாதி ஆழம் வைத்து, அடியில் கறுப்படித்து, எபாக்சிப் பிசினை இரண்டு தடவையாக ஊற்றித் தண்ணீர் வைக்கப் போகிறேன். தூக்கணாங்குருவிக் கூடுகளைச் சணல் நாரில் உருட்டிவிட்டேன், ஒவ்வொன்றும் நெல்மணி அளவு. ஏழு செய்திருக்கிறேன்.

ஆனால் எனக்குச் சில விஷயம் நினைவுக்கு வரவில்லை, நீதான் சொல்ல வேண்டும். இறங்குகிற படி வடபுறமா, கீழ்ப்புறமா? உங்கள் அப்பா மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்துக் கல்தூண் இரண்டும் 76ல் நின்றதா, அதற்குள் எடுத்துவிட்டீர்களா? குருவிக் கூடு தொங்கிய மரம் வேலா, வேம்பா? எந்தப் பக்கத்துச் சுவரில் அது சாய்ந்திருந்தது? மோட்டார் ரூமுக்கு நாட்டு ஓடா, சீமை ஓடா? உன் தம்பியைக் கேட்டேன், அவன் ஒன்று சொல்கிறான், அவன் பெரியம்மா வேறு சொல்கிறார். நீ ஒரு தாளில் கோடு போட்டு அனுப்பு, அழகாக இருக்க வேண்டியதில்லை, அளவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆவணியில் காற்று தணிந்துவிடும். கால் ஒத்துழைத்தால் ஈரோட்டிலிருந்து ஒரு காரைப் பிடித்து வா. மாடிப்படி பன்னிரண்டுதான், கைப்பிடி போட்டிருக்கிறேன். வருகிற வழியில் தம்பியின் தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, கிணறு இருந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு டப்பா மண் எடுத்து வா. கிணற்று மேட்டுக்கு அந்த மண்தான் போட வேண்டும். காந்தம் இங்கே இருக்கிறது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு.

உன்
ராமசாமி