படங்களுக்குப் பரிசு வேண்டாம், வேலை கொடுங்கள்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் விழாக்குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரும் பொங்கல் விழாவில் ஓவியப் போட்டியை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தையும் பணத்தையும் விழாவுக்கு வேண்டிய பொருட்களைக் குழந்தைகளே செய்வதற்குத் திருப்பிவிடுங்கள். இதைச் சொல்ல இவள் யார் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். மற்ற நாட்களில் நான் நியூஜெர்சியில் உள்ள ஒரு யூத முழுநேரப் பள்ளியில் ஓவிய ஆசிரியருக்கு உதவியாளர். இரண்டு இடத்திலும் தூரிகை கழுவுகிறவள் என்பதால் எனக்குக் கண்ணில் படுகிற வித்தியாசத்தை எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு இந்தப் பள்ளிகளைப் பற்றித் தெரிந்திருக்காது. நாளில் ஒரு பாதி எபிரேயம், தோரா என்னும் யூத வேதம், பிரார்த்தனை. மறு பாதி கணக்கு, அறிவியல், ஆங்கிலம். 2018-19இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் இந்த நாட்டில் இப்படி 900க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ 2,92,000 பிள்ளைகள் படித்தார்கள். அதில் பெரும்பகுதி நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும்தான். கட்டணம் கேட்டால் தலை சுற்றும். வாசலில் காவலர் நிற்பார். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத ஜெப ஆலயத்தில் ஒருவன் சுட்டு 11 பேர் இறந்த பிறகு, பேத்தியின் பாட்டு நிகழ்ச்சிக்கு வரும் தாத்தாகூட அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. நம் விழாக்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்காகவாவது நாம் கொடுத்து வைத்தவர்கள்.

அங்கே ஓவிய வகுப்புக்குப் பாடத்திட்டம் போடுவது பண்டிகை நாட்காட்டிதான். செப்டம்பரில் யூதப் புத்தாண்டு முடிந்த கையோடு சுக்கோத் வந்துவிடும். ஏழு நாள் பண்டிகை. வெட்டிய கிளைகளையும் தட்டைகளையும் கூரையாகப் போட்டு முற்றத்தில் ஒரு பந்தல் கட்டுவார்கள். அதற்குப் பெயர் சுக்கா. வெயிலைவிட நிழல் கூடுதலாக விழ வேண்டும், ஆனால் ராத்திரியில் நட்சத்திரமும் தெரிய வேண்டும் என்பது வழக்கம். இந்தப் பந்தலுக்கு வேண்டிய அலங்காரம் முழுக்க ஓவிய வகுப்பிலிருந்துதான் போகும். காகிதச் சங்கிலி, அட்டை மாதுளை, சாயம் பூசிய சுரைக்காய், பந்தலுக்கு வருவதாக நம்பும் ஆபிரகாம் முதல் தாவீது வரையான ஏழு விருந்தாளிகளின் படங்கள். அதிலும் ஒரு கணக்கு உண்டு. தொங்கவிடுகிற அலங்காரம் கூரையிலிருந்து நான்கு கையகலத்துக்குள் இருக்க வேண்டும். நம் அளவில் ஒரு முழத்துக்குள். பையன் ஒருவன் நூலை நீளமாக விட்டுவிட்டால் மதகுருவான ரபி ஏணியில் ஏறிச் சுருக்கிக் கட்டுவார். ஒரு காகித மாதுளை எவ்வளவு தாழத் தொங்கலாம் என்பதைப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பொறாமையும் வந்தது. அந்த வாரம் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை அந்தப் பந்தலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள், தாங்கள் செய்த மாதுளைக்குக் கீழே. மழை பெய்தால் சாயம் ஒழுகும். அதனால் முக்கியமானவற்றை முன்கூட்டியே லேமினேட் செய்துவிடுவோம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கொள்கை இருக்கிறது. ஹித்தூர் மிட்ஸ்வா என்பார்கள். கடமையைச் செய்தால் மட்டும் போதாது, அதை அழகாகச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தல்முத் என்னும் பழைய யூத மறைநூலில் இதற்குப் பட்டியலே உண்டு: அழகான பந்தல், அழகான ஓலைக்கொத்து, அழகான ஊதுகொம்பு, அழகான குஞ்சம், அழகான தோரா சுருள். கவனியுங்கள், எல்லாமே கையாளுகிற பொருட்கள். சுவரில் மாட்டிவைத்துப் பார்க்கிற படம் ஒன்றுகூட அதில் இல்லை.

ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகைக்கு விளக்குத்தண்டு செய்வோம். எட்டுச் சுடர், அவற்றை ஏற்றுவதற்கு ஒன்பதாவதாக ஒரு துணைச் சுடர். எட்டும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு சுடர் இன்னொன்றோடு சேர்ந்து தீப்பந்தம் போல எரியக் கூடாது. துணைச் சுடர் மட்டும் தனித்து உயரமாகவோ விலகியோ இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு இரும்பு நட்டுகளையும் பீங்கான் ஓடுகளையும் பசையையும் கொடுத்துவிடுவோம். நட்டின் ஓட்டையில் மெழுகுவத்தி பொருந்துமா, இரண்டு நட்டுக்கு நடுவில் எத்தனை விரல் இடம் விட வேண்டும் என்று அந்த ஏழு வயதுப் பிள்ளைகள் அளந்து பார்ப்பதைப் பார்க்க வேண்டும். யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. தப்பாகச் செய்தால் வீட்டில் மெழுகு உருகி மேசையில் வழியும், அவ்வளவுதான். பள்ளியில் எல்லாரும் கூடி விளக்கேற்றுகிற மாலையில் அந்தக் கோணல்மாணல் தண்டுகள் அத்தனையும் நீள மேசைகளில் அலுமினியத் தாள் விரித்து வரிசையாக இருக்கும்.

பூரிம் பண்டிகைக்குக் கிலுகிலுப்பை. வேதத்தில் வரும் எஸ்தர் அரசியின் கதையை வாசிக்கும்போது வில்லன் ஆமானின் பெயர் வரும் இடத்திலெல்லாம் ஆட்டிச் சத்தம் போட வேண்டும். பெயர் 54 தடவை வருகிறது. உள்ளே பயறு போட்டு ஓரத்தைச் சரியாக ஒட்டாத பிள்ளையின் டப்பா பாதிக் கதையிலேயே பிரிந்து கொட்டிவிடும். பெசாக் வருவதற்கு முன் எங்கள் அலமாரியே சோதனைக்கு உள்ளாகும். அந்தப் பண்டிகையில் புளிக்கிற மாவு எதுவும் இருக்கக் கூடாது. குழந்தைகள் உருட்டி விளையாடும் மாவில் கோதுமை இருப்பதால் அதையும், மாலை கோக்கிற மக்ரோனியையும் முதலில் வெளியேற்றுவோம். பிறகு தலையணை உறையில் துணிச்சாயத்தால் படம் போடுவோம். பெசாக் விருந்தில் அரசர்களைப் போலச் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் அல்லவா, அதற்கு. அன்றிரவு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருப்பது மகள் வரைந்த தவளை.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் வகுப்பில் நடக்கிறது. பிள்ளைகள் எபிரேய எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதும், அவரவர் கைக்கென்று ஒரு பிரார்த்தனை நூல் கொடுக்கும் விழா. அந்த நூலுக்கு உறை செய்வது பெற்றோர். ஒரு மாலை நேரத்தில் டாக்டர், வக்கீல், கடைக்காரர் எல்லாரும் முழங்கால் நெஞ்சில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து துணியில் பிள்ளையின் பெயரைத் தைப்பார்கள், ஒட்டுவார்கள். ஊசி பிடிக்கத் தெரியாத அப்பாக்கள்தான் கடைசிவரை இருப்பார்கள். பிள்ளைகளுக்கு விழா அன்றுதான் காட்டுவார்கள். மேடையில் புத்தகத்தை வாங்கியதும் குழந்தை முதலில் பார்ப்பது உள்ளே உள்ள எழுத்தை இல்லை, அம்மா அப்பா தைத்த உறையைத்தான். இன்னொன்றும் இங்கே கற்றுக்கொண்டேன். கடவுளின் பெயர் முழுதாக எழுதிய தாளைக் குப்பையில் போட மாட்டார்கள். சேர்த்து வைத்து முறைப்படி புதைப்பார்கள். அதனால் ஓவியத்தில் வேத வரி எழுதும்போது அந்தப் பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளிக்குறியும் போடச் சொல்வோம். தப்பித் தவறி முழுதாக எழுதிவிட்டால் அந்தக் கிறுக்கலுக்கும் அதே மரியாதை.

நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த பேரழிவில் மாண்டவர்களை நினைக்கும் நாள் வசந்தத்தில் வருகிறது. அன்று பெரிய வகுப்புகளுக்கு ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் பற்றிச் சொல்கிறார்கள். 1898இல் வியன்னாவில் பிறந்தவர், வைமாரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைப் பிராகுக்கு வடக்கே தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு, கிடைத்த காகிதத்தில், பழைய படிவங்களின் பின்பக்கத்தில் ஓவியம் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் தப்பவில்லை. அவர் இரண்டு பெட்டிகளில் விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல படங்களின் ஓரத்தில் வரைந்த பிள்ளையின் பெயர் இருக்கிறது. எங்கள் பள்ளி நடைக்கூடத்தில் எந்தப் படமும் பெயரில்லாமல் ஏறுவதில்லை. எல்லார் படமும் ஏறும். ஆறு பேருடையதை மட்டும் தேர்ந்தெடுத்து மாட்டுகிற பழக்கமே கிடையாது.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர் அவசரத்தில் ஒரே அச்சில் வெட்டிக்கொடுத்து இருபது பேரும் ஒரே மாதிரி மாதுளை ஒட்டுகிற நாளும் உண்டு. பிள்ளை தூங்கிய பிறகு அம்மா திருத்தி அனுப்பும் விளக்குத்தண்டை ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். நூற்றுக்கணக்கானோர் தட்டு ஏந்தி நிற்கும் நிதி திரட்டும் விருந்தில், குழந்தைகளின் படங்களை ஏலம் விட்டுப் பணம் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அங்கே பிள்ளை செய்தது ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டே இருக்கிறது. தொங்குகிறது, எரிகிறது, சத்தம் போடுகிறது, முதுகைத் தாங்குகிறது.

இப்போது நம் விழாவுக்கு வருவோம். வாடகைக்கு எடுத்த உயர்நிலைப் பள்ளி அரங்கம். வாசலில் பிளாஸ்டிக் மாவிலை, தரையில் ஒட்டிய ஸ்டிக்கர் கோலம், மேடையில் ஃப்ளெக்ஸில் அச்சடித்த பசுவும் வயலும். அத்தனையும் பணம் கொடுத்து வாங்கியவை. பக்கத்து அறையில் நாற்பத்தைந்து நிமிட ஓவியப் போட்டி, தலைப்பு 'பொங்கல்'. எல்லாப் பிள்ளைகளும் அதே பானை, அதே இரண்டு கரும்பு, அதே சிரிக்கும் சூரியன். தெரியாதவர்கள் மூன்று பேர் நடுவர். சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்போது மணி மூன்றாகிவிடும், பாதிப் பேர் கிளம்பிவிட்டிருப்பார்கள். அப்போது மூன்று கோப்பைகள் கொடுப்பார்கள். பரிசு வாங்காத தாள்கள் அட்டைப்பெட்டியில் போய், அந்தப் பெட்டி யாரோ ஒருவர் வண்டியின் பின்பக்கத்தில் தைப்பூசம் வரை சுற்றும். நாம் சிறுவயதில் பார்த்த பொங்கலில் கோலம் போட்டது யார்? தோரணம் கட்டியது யார்? மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடித்தது யார்? வீட்டுப் பிள்ளைகள்தானே.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயமில்லை. டிசம்பர் கடைசி இரண்டு வகுப்புகளைக் கொடுங்கள். மண்பானைகளுக்குப் பிள்ளைகளே சுண்ணாம்பும் காவியும் பூசட்டும், விழாவில் அதிலேயே பொங்கல் வைப்போம். வாசல் தோரணத்துக்குத் தென்னங்குருத்து கிடைக்கவில்லையா, பச்சைக் காகிதத்தில் கிளி மடிக்கலாம். புள்ளிக்கோலத்தை ஐந்தாம் நிலை மாணவர்கள் கணக்காகவே போடலாம், ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நாலு வரை. மேடைத் திரையைப் பெரிய பிள்ளைகள் படுக்கை விரிப்பில் வரையட்டும், பசு கொஞ்சம் நாய் மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கார்த்திகைக்கு அகல் செய்வதாக இருந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: காற்றில் காய்கிற களிமண் எண்ணெயைக் குடித்துவிடும், சூளையில் சுட்டது வேண்டும். நம் பள்ளிகளில் எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதால் பொங்கலிலேயே தொடங்குவது எல்லாருக்கும் வசதி.

பாட்டி தாத்தாக்களை மறக்க வேண்டாம். யூதப் பள்ளியில் அவர்களுக்கென்று ஒரு நாள் வைத்து, பேரப்பிள்ளையின் மேசையில் கூட உட்கார்த்தி ஏதாவது செய்ய வைக்கிறார்கள். நம் பெற்றோர் ஆறு மாத விசாவில் வந்து, விழாவில் கடைசி வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோலமாவை இரண்டு விரலால் எப்படி இழுப்பது என்பது அந்த அரங்கத்தில் அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. ஆத்திசூடியை எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலைக்கு வந்த பிள்ளைக்கு அந்த நூலையே பரிசாகக் கொடுப்போம். உறை தைப்பது அம்மா அப்பா வேலை. நான் பார்த்தவரை நம் பள்ளிகளில் பெற்றோர் பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு காரில் ஃபோன் பார்க்கிறார்கள். நானும் அதில் அடக்கம்தான். ஒரு மாலை உள்ளே வரச் சொன்னால் வருவோம்.

நேரமில்லை என்பீர்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான், அதில் இலக்கணம் முடிப்பதே பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் மூக்கணாங்கயிறு, கதிர், உரல், உறி என்ற சொற்கள் பயிற்சிப் புத்தகத்தில் படித்து வருவதைவிட கையில் வண்ணம் ஒட்டியிருக்கும்போது சீக்கிரம் வருகின்றன. கோப்பைகளுக்குப் பணம் தரும் வீட்டுத் தரகரும் காப்பீட்டு முகவரும் கோபித்துக்கொள்வார்களே என்றால், பானைகளுக்கு அவர்கள் பணம் தரட்டும். பேர் போட்ட பலகையைப் பொங்கல் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைப்போம், எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும்.

கோப்பைகளுக்கு வழக்கமாக நவம்பரில் ஆர்டர் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்கு முன் நடக்கிற கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம், பசை, பழைய படுக்கை விரிப்பு எல்லாம் என் வீட்டு கராஜில் தயாராக இருக்கின்றன. பானைகளைத்தான் தேட வேண்டும். எடிசன் ஓக் ட்ரீ சாலைக் கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

அன்புடன்,
ஞாயிறு வகுப்பில் இரண்டு பிள்ளைகளை விட்டிருக்கும் ஒரு தாய்