விழுங்கிய பிறகு கையெழுத்து: பராமரிப்பு உதவியாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இரவு டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சென்ற பொதுக்குழுவின் தீர்மானங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிறைவேற்றிவிட்டோம். அந்த ஒன்று என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுந்து, "நாம நர்ஸ் கிடையாது. மாத்திரையைக் கையில கொடுத்து கொடுக்கச் சொல்றாங்க. கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டது நினைவிருக்கும். அன்றைக்கு மேடையில் இருந்த யாரிடமும் நேரான பதில் இல்லை. இந்த ஆண்டு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் வேலை செய்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

பதில் இதுதான். பயிற்சி முடித்திருக்க வேண்டும். நாம் கொடுப்பதை ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்து, சரி என்று எழுத்தில் தந்திருக்க வேண்டும். அந்த ஆளுக்கான மருந்து உத்தரவும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மாத்திரை, சிரப், கண் சொட்டு, களிம்பு, இன்ஹேலர் போன்றவற்றைப் பெரும்பாலான இடங்களில் நாம் கொடுக்கலாம். ஊசி, உணவுக்குழாய் வழியாகத் தரும் மருந்து ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். சில இடங்களில் பயிற்சி இருந்தாலும் நமக்கு அனுமதி இல்லை. இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதால், அவரவர் வேலை செய்யும் இடத்தின் மருந்துக் கொள்கையை ஒருமுறையாவது வாங்கிப் படியுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னேன். படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டபோது தூக்கிய கைகளை எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்ற ஐந்தையும் நம் எல்லோருக்கும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கத் தெரியும். ஒப்பிப்பதில் நமக்குக் குறையே இல்லை. அதனால் இந்த ஆண்டு வகுப்பெடுத்த சிஸ்டர் ஒப்பிக்கவே விடவில்லை. ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, மற்றவரை மருந்துத் தட்டோடு வரச் சொன்னார். வந்தவர், "நீங்கதானே அஞ்சாம் நம்பர் ரூம் அம்மா?" என்று கேட்டார். உட்கார்ந்திருந்தவர் தலையாட்டினார். சிஸ்டர் சிரித்துவிட்டு, "அவங்க ஆறாம் நம்பர். காது கேட்கலை. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவாங்க" என்றார். அன்றிலிருந்து கேள்வியையே மாற்றிவிட்டோம். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும். அவர் வாயால் சொன்ன பெயரை மருந்துப் பதிவேட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, போட்டோ ஆகியவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் என்றால் போட்டோதான் துணை, அந்தப் போட்டோவும் பத்து வருடம் முந்தியதாக இருக்கக் கூடாது.

இப்போது என் கதை. செயலாளர் என்பதால் இதை மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

நான் இரவு மருந்து கொடுக்கும் இடத்தில் ஓர் ஐயா இருக்கிறார். எது கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். அந்த நம்பிக்கையில் மருந்து வண்டியருகே நின்றபடியே பதிவேட்டில் அவருடைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாத்திரைக் குப்பியை மேசையில் வைத்து, "சாப்பிட்டுடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறை மணிக்கு ஓடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு நாள் காலை படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் ஏதோ உறுத்தியது. கையை விட்டால் மூன்று மாத்திரைகள். எச்சில் பட்டு மேல்பூச்சு கரைந்து, வெள்ளை வெளேரென்று துணியோடு ஒட்டிக் கிடந்தன. மூன்றும் பிரஷர் மாத்திரை. பதிவேட்டைப் புரட்டினேன். மூன்று இரவும் என் கையெழுத்து, அழகாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல்.

அதோடு முடிந்திருந்தால் சரி. அதற்கு முந்தின நாள்தான் டாக்டர் வந்து, "தவறாம மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்கலையே" என்று பதிவேட்டைப் பார்த்து அளவைக் கூட்டி எழுதிவிட்டுப் போயிருந்தார். மருத்துவர் நம்பியது என் கையெழுத்தை. அந்தக் கூட்டிய அளவை யாராவது பக்கத்தில் நின்று உண்மையிலேயே விழுங்க வைத்திருந்தால், ஐயா எழுந்து பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுந்திருப்பார். சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சொல்வதற்குள் வாய் உலர்ந்துவிட்டது. டாக்டருக்குப் போன் போயிற்று, அளவு பழையபடி ஆனது. ஐயாவிடம் ஏன் துப்பினீர்கள் என்று கேட்டேன். மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது என்றார். நான் நின்று பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதைத்தான் ஜூன் மாதக் கூட்டத்தில் நோட்டில் முதல் பதிவாக எழுதினேன். அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அப்படித் தப்பிய சம்பவங்களை, பெயரோ இடமோ இல்லாமல் எழுதிவைக்க ஒரு நோட்டுப் போட்டோம். 'தலைப்பாகை நோட்டு' என்று பெயர் வைத்தது நம் பொருளாளர். முதல் இரண்டு மாதம் அதில் ஒரு வரி இல்லை. எல்லோரும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறோமா என்று நானே வியந்தேன். என் பதிவுக்குப் பிறகு நோட்டு நிறையத் தொடங்கியது. சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஓர் அம்மா. அந்த மருந்து வாரத்தில் ஒரே நாள். பதிவேட்டைப் புது மாதத்துக்கு நகலெடுத்தவர் 'தினமும்' என்று எழுதிவிட்டார். நம் உறுப்பினர் மாத்திரைப் பெட்டியின் லேபிளைப் படித்தபோது அதில் 'வாரம் ஒருமுறை' என்றிருந்தது. இரண்டில் எது சரி என்று அவர் யூகிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை, போன் செய்தார். தினமும் போயிருந்தால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை பாதித்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். லேபிளும் பதிவேடும் ஒத்துப்போகாவிட்டால் கையை நிறுத்து என்பதை இதைவிட நன்றாக எந்த வகுப்பும் சொல்லாது.

இன்னொன்று, ஃபென்டனைல் பட்டை, தோலில் ஒட்டும் கடுமையான வலி மருந்து. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. குளிப்பாட்டும்போது வலது தோளில் புதியது, முதுகில் பழையது என இரண்டு ஒட்டியிருந்ததைக் கண்டார் ஒருவர். அந்த ஐயா இரண்டு நாளாகத் தூங்கித் தூங்கி வழிந்ததை எல்லோரும் வயசு என்று விட்டிருந்தார்கள். உடனே நர்ஸைக் கூப்பிட்டதில் தப்பியது. பழையதை எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும், ஒட்டிய இடத்தை உடல் படம் ஒன்றில் குறிக்க வேண்டும். எடுத்த பட்டையில் மருந்து மிச்சம் இருக்கும் என்பதால் பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, அந்த இடத்தின் முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைத்தால் சூட்டில் மருந்து அதிகமாக உடம்பில் ஏறும் என்பதும் அன்றுதான் பலருக்குத் தெரிந்தது, எனக்கும் சேர்த்து.

மாத்திரையை இடிப்பது பற்றிப் பல பதிவுகள். விழுங்கக் கஷ்டப்படுகிறார், பாவம் என்று நல்ல மனதோடுதான் இடிக்கிறோம். ஆனால் 12 மணி நேரம், 24 மணி நேரம் மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையை இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே அடியாக இறங்கும். இடிப்பதற்கு முன் மருந்தாளுநரிடம் கேட்டால் பெரும்பாலும் அதே மருந்து திரவமாகவோ வேறு வடிவிலோ கிடைக்கும். என் ஐயாவுக்கும் கடைசியில் சிறிய மாத்திரையாக மாற்றித் தந்தார்கள். பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம் நேரம். எல்லாருக்கும் காலை எட்டு மணி என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நம் வசதிக்கு. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போக வேண்டும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதோடு நான்கு மணி நேரமாவது தள்ளிக் கொடுக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் என்றால் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. பார்கின்சன் உள்ளவர்களின் லெவோடோபா அரை மணி பிந்தினாலும் சிலருக்கு உடம்பு இறுகி, கரண்டியைக் கூடத் தூக்க முடியாமல் போகும். கடைசி அறைக்கு வண்டி போய்ச் சேரும் வரை அவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்த உறுப்பினர், இப்போது தன் சுற்றை அந்த அறையிலிருந்து தொடங்குகிறார்.

எண்களிலும் பாடம் கிடைத்தது. 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகிறது. அரை மில்லிகிராமுக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் வெறும் புள்ளி வைத்தால் 5 ஆகிறது. இன்சுலினுக்கு யூனிட் என்று முழுதாக எழுதாமல் U என்ற ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 என்பது 40 ஆகிவிடும். எழுதுவது நாம் இல்லைதான், ஆனால் கொடுப்பது நாம். புரியாத கையெழுத்தை நான்கு பேர் கூடி ஜோசியம் பார்ப்பதை விட்டு, எழுதியவரிடமே கேட்பது என்று முடிவெடுத்தோம். சில டாக்டர்கள் எரிந்து விழுந்தார்கள். விழட்டும்.

செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு தினத்தன்று சிறப்புக் கூட்டம் வைத்தோம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் 'தீங்கில்லா மருந்து' என்ற நோக்கத்தோடு ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியதையும், 2022-இல் இதே தினத்தின் கருப்பொருளாக மருந்துப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டதையும் பேச்சாளர் சொன்னார். மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவு என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. அந்தத் தொகை யாருடைய மனதிலும் பதிந்ததாகத் தெரியவில்லை. ஆனால், மருந்து கொடுக்கும் நேரத்தில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிய சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் சில மருத்துவமனைகளில் உண்டு என்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். மூன்று உறுப்பினர்கள் தங்கள் இடத்தில் முயன்று பார்த்தார்கள். ஒரு வாரம் கேலி, அப்புறம் பழகிவிட்டது என்கிறார்கள். அங்கியைப் போட்டிருந்தும் போன் எடுப்பவர்களுக்கு எந்த அங்கியும் உதவாது.

மருந்து வேண்டாம் என்பவர்களைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. புரிந்து மறுக்கும் ஒருவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஏன் என்று கேட்கலாம், கொஞ்சம் பொறுத்து மறுபடி போய்ப் பார்க்கலாம், மறுத்தார் என்று எழுதி நர்ஸிடம் சொல்ல வேண்டும். சாதத்தில் பிசைந்து தெரியாமல் கொடுத்துவிடுவது நம்மில் பலருக்குக் கைவந்த கலை. குடும்பம், மருத்துவர், மருந்தாளுநர் எல்லோரும் கூடி, அவரால் தனக்காக முடிவெடுக்க முடியாது, இது அவர் நன்மைக்கே என்று எழுத்தில் முடிவு செய்யாத வரை நாம் அதைச் செய்யக் கூடாது. "அப்போ நைட்ல கத்துறாரே, என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கத்துவதற்குக் காரணம் மலச்சிக்கலாக இருக்கலாம், வலியாக இருக்கலாம் என்று சிஸ்டர் சொன்ன பதில் பாதிப் பேருக்குத்தான் திருப்தி.

நடக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். இரவுப் பணியாளர்களுக்கென்று தனி வகுப்பு நடத்துவோம் என்பதே நிறைவேறாத அந்தத் தீர்மானம். எல்லா வகுப்பும் பகலில் வைத்தோம். இரவெல்லாம் விழித்தவர்களைப் பகலில் வரச் சொன்னால் வந்து தூங்கத்தான் செய்வார்கள். குற்றம் என்னுடையது.

இன்னொரு வருத்தம். ஓர் இல்லத்தில், தான் செய்த தவறைத் தானே போய்ச் சொன்ன உறுப்பினருக்குச் சம்பளத்தைப் பிடித்தார்கள். அவர் கொடுத்தது அடுத்த படுக்கைக்காரரின் பாராசிட்டமால். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சங்கத்திலிருந்து கடிதம் எழுதினோம், பதில் இல்லை. மறுபடி எழுதினோம். அந்த இடத்திலிருந்து இப்போது தவறு பற்றிய தகவலே வருவதில்லை என்று அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்களாம். எனக்கு அதைக் கேட்டு வயிறு கலங்குகிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். இரவு வகுப்பு, இம்முறை இரவு ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் மாலையில். அடுத்தது, மருத்துவமனையிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய பதிவேட்டையும் நர்ஸோடு உட்கார்ந்து வரிவரியாக ஒத்துப் பார்க்காமல் முதல் மருந்தைத் தொடுவதில்லை என்று உறுப்பினர்கள் ஒப்புக்கொள்வது. நிறுத்திய மருந்து பழைய பெட்டியில் இருந்துகொண்டே தொடர்ந்து போன கதைகள் நோட்டில் நான்கு இடத்தில் இருக்கின்றன.

வகுப்பெடுத்த சிஸ்டருக்கும், எப்போது போன் செய்தாலும் எடுத்த மருந்தாளுநருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தலைப்பாகை நோட்டு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. போன கூட்டத்தில் பேனா காணாமல் போனதால் இம்முறை நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

செயலாளர்