தார்சா வரைக்குமா, அடுக்களை வரைக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அவசர உதவி எண்ணான 112-க்குத் தவறிப்போய் அழைப்பு போனால், பார்க்க வருகிற போலீஸ் வீட்டுக்குள் எதுவரை போகலாம் என்பது பற்றி எழுதுகிறேன். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடித்தால் அவசர உதவிக்கு அழைப்பு போய்விடும் என்பது எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. 2017 முதல் விற்கிற போன்களில் இந்த வசதி இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே விதி போட்டுவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் போனை மடியில் போட்டு, அதன்மேல் சுளகை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். சுளகு 5-ன் மேல் அழுந்தினால் 112 எடுத்துவிடும். அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்பது இலை வெட்டும் கத்தரிச் சத்தமும் டி.வி. சீரியலும். சீரியலில் யாராவது அழுதுகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்!

திருப்பிக் கூப்பிட்டால் தெரியாத நம்பர் என்று எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும், போலீஸ் என்றதும் பயந்துபோய் சுவிட்ச் ஆஃப். சாத்தான்குளத்தில் 2020-ல் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்ததற்குப் பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. சரி, இதற்குமேல் ரோந்து வண்டி வீட்டுக்கு வருவதில் தப்பே இல்லை. வராவிட்டால்தான் தப்பு.

வந்த பிறகு எதுவரை போகலாம் என்பதுதான் என் கேள்வி. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வீட்டுக்கு இப்படித்தான் ராத்திரி வந்தார்கள். "கை பட்டுட்டு ஏட்டையா" என்று ஆச்சி சொல்லியும் தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று டார்ச் அடித்துக்கொண்டே போய், கடைசியில் பீரோவைத் திறக்கச் சொன்னார்கள். மருமகள் நைட்டியோடு புறவாசலில் போய் நின்றாள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பீரோவுக்குள் யார் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார்கள்?

குற்ற விசாரணைக்காக வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனை போட பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 185-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதற்கே காரணத்தை எழுதிவைக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். கேடி லிஸ்டில் இருப்பவர் வீட்டுக்கு ராத்திரியில் போய்ப் பார்க்கும் விதியையே உச்ச நீதிமன்றம் 1962-ல் கரக் சிங் வழக்கில் செல்லாது என்றது. ஆச்சி வீட்டு பீரோ எந்தக் கணக்கில் வரும்? இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உயிரைக் காக்க வாரண்ட் இல்லாமல் நுழையலாம் என்கிறது. எதற்காக நுழைந்தார்களோ அதற்குத் தேவையான அளவுக்குத்தான் தேடலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. இங்கேயும் அப்படி எழுத்தில் இருந்தால் ஏட்டையாவுக்கும் நல்லது, ஆச்சிக்கும் நல்லது.

அதற்காக வாசலோடு அனுப்பிவிடவும் கூடாது. "கை பட்டுட்டு" என்று ஆச்சி சொன்ன அதே வார்த்தையைத்தான் பெண்டாட்டியை அடித்துவிட்டுக் கதவைத் திறக்கிறவனும் சொல்வான். போன் யாருடையதோ அவரை நேரில் பார்க்க வேண்டும். பெண் என்றால், கூட இருப்பவர்களை ஒதுக்கிவிட்டு, பெண் போலீஸ் தனியாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும். முகத்தில் காயமோ, பேச்சில் தடுமாற்றமோ தெரிந்தால் தாராளமாக உள்ளே போகட்டும். வீட்டில் எல்லாரையும் பார்த்தாயிற்று, எல்லாரும் நலம் என்றால் நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மாநகரக் காவல் ஆணையரும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் இதை ஓர் உத்தரவாகப் போட்டால் நன்றாக இருக்கும். அப்படியே ரேஷன் கடையிலும் பீடிக் கடையிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டலாம்: தவறிப்போய் 112-க்கு அழைப்பு போய்விட்டால் கட் பண்ணாதீர்கள், லைனில் இருந்து "கை பட்டுவிட்டது" என்று சொல்லுங்கள், திரும்பக் கூப்பிட்டால் எடுங்கள் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்