கலர் சேர்த்த தின்பண்டமும் பேரனின் துறுதுறுப்பும்

அன்புள்ள கலை,

உன் கடிதம் வந்தது. மாமாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு ஓசூருக்கு மாற்றல், அடுத்த மாதம் கிளம்புகிறான்.

பேரனைப் பற்றி எழுதியிருந்தாய். கலர் ஜூஸ் குடித்த நாளில் ஓரிடத்தில் உட்காராமல் ஆடுகிறான் என்று சுதா சொல்கிறாள், மாப்பிள்ளை நம்ப மறுக்கிறார். சுதா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இப்போது அவள் பார்க்கும் விதத்தில் பார்த்தால் உண்மை தெரியவும் தெரியாது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவின் ஒவ்வாமை மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட், 1970களில். வலுவான சான்று வந்தது 2007இல், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து. 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8, 9 வயதினர் 144 பேர். எல்லோருக்கும் தினம் பழச்சாறு. சில வாரம் அதில் செயற்கை நிறமும், பண்டம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்திருக்கும், சில வாரம் வெறும் சாறு. எந்த வாரம் எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. சிறியவர்களுக்குக் கொடுத்த ஒரு கலவையில் நிறம் 20 மி.கி., பென்சோயேட் 45 மி.கி. கலவை குடித்த வாரங்களில் துறுதுறுப்பு சராசரியாகக் கூடியது. கூடிய அளவு சிறியது, பிள்ளைக்குப் பிள்ளை பெரிய வித்தியாசம். நிறத்தையும் பென்சோயேட்டையும் சேர்த்தே கொடுத்ததால் எது காரணம் என்று அதில் பிரித்துச் சொல்ல வழியில்லை. அது அந்த ஆய்வின் பெரிய குறை.

அதற்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் ஆறு நிறங்களுக்கு, 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்' என்று பாக்கெட்டில் அச்சிட வைத்தது. நம்மூரில் அப்படி எச்சரிக்கை கிடையாது, எண் மட்டும்தான். அந்த ஆறில் இங்கே கண்ணில் படுவது நான்கு: 102 டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோய்சின், 124 பான்சோ 4ஆர். சோடியம் பென்சோயேட் 211. கிரீம் பிஸ்கட், ஜெல்லி, ஸ்குவாஷ், ஐஸ் பலவற்றின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம்' என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் இந்த எண் இருக்கும். எண்ணைக் கண்டதும் பயப்படச் சொல்லாதே. 330 சிட்ரிக் அமிலம், 322 லெசித்தின், 500 ஆப்பசோடா வகை, 100 மஞ்சளின் நிறம். இவற்றுக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை.

பாக்கெட்டைவிட எனக்குக் கவலை கேசரி பவுடர். அனுமதித்த பண்டங்களில்கூடப் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மி.கி. தான் உச்சவரம்பு. அதாவது ஒரு கிராம் சுத்தமான சாயம் பத்துக் கிலோ கேசரிக்குப் போதும். இரண்டு விரலால் கிள்ளினாலே கால் கிராமுக்குக் குறையாது. பொடி முழுக்கச் சாயமாக இருந்தால், ஒரு கிலோ கேசரியில் அந்த ஒரு சிட்டிகையே வரம்பைப் போல இரண்டரை மடங்கு. நூறு கிராம் சாப்பிட்ட பிள்ளைக்கு 25 மி.கி. போய்விடும், சவுத்தாம்ப்டனில் சிறியவர்களுக்குக் கொடுத்த 20ஐத் தாண்டி. பஜ்ஜி, சிக்கன் 65க்கெல்லாம் இந்தச் சாயம் போடவே கூடாது, ஆனாலும் போடுகிறார்கள். (2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்ததற்குக் காரணம் ரோடமின்-பி. அது துணிச்சாயம், எந்த அளவிலும் சாப்பாட்டில் சேரக் கூடாதது. அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.)

இனி சுதா பார்க்கும் விதம். 1994இல் அமெரிக்காவில் ஹூவர், மிலிச் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். சர்க்கரை தின்றால் என் பையன் ஆடுவான் என்று நம்பிய அம்மாக்களை அழைத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் சர்க்கரையே இல்லாத பானம் கொடுத்தார்கள். பாதி அம்மாக்களிடம் மட்டும் 'சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அந்த அம்மாக்கள்தான் பிள்ளை அதிகம் ஆடியதாக மதிப்பெண் போட்டார்கள். அதுமட்டுமல்ல, பிள்ளையைவிட்டு நகராமல் நின்று, அதிகமாகக் குறையும் சொன்னார்கள். சர்க்கரையால் துறுதுறுப்பு வருவதில்லை என்று அடுத்த ஆண்டு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் சொன்னது. சுதா ஜூஸ் டம்ளரைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை நம்ப முடியாது.

ஆகவே மறைத்துக் கொடுத்துப் பாருங்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவனுக்கு வீசிங், தடிப்பு, அரிப்பு ஏதாவது இருந்தால் வீட்டில் செய்யவே வேண்டாம்.

முதல் மூன்று வாரம் நான்கு நிறமும் 211உம் அறவே கூடாது. பலருக்கு இங்கேதான் ஓட்டை விழுகிறது. ஜூஸை நிறுத்திவிட்டு இருமல் சிரப்பை மறந்துவிடுவார்கள். பல சிரப்புகளில் சாயம் உண்டு, லேபிளில் 'கலர்' என்ற வரியைப் பார். அதற்காக மருந்தை நிறுத்தாதே, நிறமில்லாத வகை கிடைக்குமா என்று கேள். காய்ச்சல், பரீட்சை, ஊர்ப்பயணம் வரும் மாதத்தில் ஆரம்பிக்காதே. மொபைல் நேரம், தூங்கும் நேரம் வழக்கம்போலவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் அடங்கினான் என்றே தெரியாமல் போகும்.

பிறகு நான்கு வாரம். உரிமம் எண் போட்ட பாக்கெட்டில் 102 மட்டும் உள்ள பொடி வாங்கி, நகைத் தராசு மாதிரிச் சின்னத் தராசில் ஒரு கிராம் நிறுத்து, ஆறிய வெந்நீர் ஒரு லிட்டரில் கரை. அதில் 10 மி.லி. என்றால் 10 மி.கி. சாயம். பொடியில் பாதி உப்பு என்று பாக்கெட்டில் இருந்தால் 20 மி.லி. எடு. 18 கிலோ பிள்ளைக்கு உலக அளவில் ஏற்ற தினசரி வரம்பு 180 மி.கி., நீ கொடுப்பது அதற்கு வெகு கீழே. ஃபிரிட்ஜில் வை, வாரம் ஒருமுறை புதிதாகக் கரை. தினம் மாலை நான்கு மணிக்கு வீட்டில் பிழிந்த கறுப்புத் திராட்சைச் சாற்றில், மூடி போட்ட, உள்ளே தெரியாத டம்ளரில். அந்தச் சாற்றில் இரண்டு வாரம் சாயக் கரைசல், இரண்டு வாரம் அதே அளவு வெறும் தண்ணீர். எந்த வாரம் எது என்று நீ சீட்டுக் குலுக்கி எழுதி ஒட்டி வை. சுதாவுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியக் கூடாது, அவனுக்கும் தெரியக் கூடாது.

மதிப்பெண் சுதா போடட்டும். 'இன்று ரொம்ப ஆடினான்' என்பது உதவாது. ஐந்து மணிக்கு வண்ணம் தீட்ட உட்கார வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை முறை எழுந்தான் என்று எண்ணட்டும். எரிச்சல், அழுகைக்கு 0 முதல் 3 வரை. படுத்தபின் தூங்க எத்தனை நிமிடம். தூக்கத்தை விட்டுவிடாதே. மெல்போர்னில் 1994இல் டார்ட்ரசினை 1 முதல் 50 மி.கி. வரை மறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 54 பிள்ளைகளில் 24 பேரிடம் தெரிந்த மாற்றம் எரிச்சல், அமைதியின்மை, தூக்கக் குலைவு. அளவு கூடினால் மாற்றம் நீடித்த நேரமும் கூடியது.

சாய வாரம் இரண்டிலும் எண்கள் தெளிவாக ஏறினால் மாப்பிள்ளையிடம் காட்டு, இனி அந்த நிறங்களை வாங்க வேண்டாம். வித்தியாசம் இல்லையென்றால் 102 அவனைத் தொடவில்லை என்று மட்டும் பொருள். 110க்கோ 211க்கோ அது பதிலாகாது.

பள்ளியிலும் வீட்டிலும் ஆறு மாதத்துக்கு மேலாக இப்படியே இருக்கிறான் என்றால், சோதனை முடியட்டும் என்று காத்திருக்காமல் குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் காட்டுங்கள். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு உள்ள பிள்ளைகளிலும் நிறத்தால் அறிகுறி கூடுவது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இருக்கலாம் என்பது 2012இல் வந்த ஒரு மதிப்பீடு. மீதிப் பேருக்கு வேறு உதவி வேண்டும். இரத்தத்தில் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்.

அவன் வழக்கமாகச் சாப்பிடும் பிஸ்கட், ஜூஸ், சிரப் மூன்றின் பின்பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மீனா