பேஸ் கிடாருக்குக் கழித்த ரூ. 1,500: திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுத் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஆடித் திருவிழாவில் உங்கள் மேடையில் பேஸ் கிடார், அதாவது தாழ்ந்த அடி ஒலி தரும் கிடார், வாசித்தவன் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை, கடலூர்ப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன். நடந்தது உங்களுக்கே தெரியும்.

அறிமுகத்தின்போது நீங்கள் அழைத்து வந்த தொகுப்பாளர் ஆளுக்கொரு கிண்டல் அடித்தார். சுத்தியலால் சுருதி சேர்த்த தபேலா அண்ணனிடம், "இன்னும் ஆணி அடிச்சு முடியலையா?" என்றார். பை நிறையக் குழல் கொண்டுவந்தவரிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தார். டிரம்ஸ் வாசிப்பவனுக்கு யாரும் பெண் தர மாட்டார்களாம். அவன் மகள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக என்னைக் காட்டி, "இவர் வாசிக்கிறாரா, சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரான்னு இவருக்கே தெரியாது" என்றார். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

இதெல்லாம் தொழிலில் சகஜம். மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவர் படாத பாடா? வயலின் திருட்டுப் போகாமலிருக்க என்ன வழி, வயோலாப் பெட்டிக்குள் வைத்துவிடு என்பார்கள். மோட்சார்ட்டும் பீத்தோவனும் வயோலா வாசித்தவர்கள்தான், ஆனாலும் அந்தக் கிண்டல் நிற்கவில்லை. ஆனால் அது வாத்தியக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பது. அதைக் கேட்டு யாரும் சம்பளத்தில் கைவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் வைத்தீர்கள். பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் குழுத் தலைவரிடம் மீதித் தொகையை எண்ணிக் கொடுத்த பொருளாளர், அதில் ரூ. 1,500 கழித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த பேஸ் தம்பி வாசிச்சது ஒண்ணுமே கேக்கலையே, மேடையிலேயே சொன்னாங்களே" என்றார். அப்புறம், "நாலு கம்பிக்கு எதுக்குங்க ஆறு கம்பி ரேட்டு?" என்றும் கேட்டார். சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி, என்னுடையதற்கு நாலு. ஐயா, வயலினுக்கும் நாலு கம்பிதான். புல்லாங்குழலில் கம்பியே கிடையாது. அவர் இனாமாக வாசிக்க வேண்டுமா?

பேசிய தொகையை முழுசாகக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கேட்கவில்லை என்பது உண்மைதான். ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் கிடாரின் தடித்த கம்பியை விரலால் அழுத்தாமல் தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ் அளவிலான, மிகத் தாழ்ந்த ஒலி. அதற்குப் பேஸ் பாக்ஸ் என்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். சவுண்ட் சர்வீஸ்காரர் இரண்டு கொண்டுவருவதாகச் சொன்னார். வாடகை அதிகம் என்று வேண்டாமென்றது நீங்கள். தெருமுனை வரை கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் பாடகர் குரல் வரும், உங்கள் நன்றியுரை நன்றாகவே வரும், அந்த அடி ஒலி மட்டும் ஏறாது. பாக்ஸ் வேண்டாமென்றதும் நீங்கள், கேட்கவில்லை என்று கழித்ததும் நீங்கள்.

சொல்ல வந்ததோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நிகழ்ச்சி எட்டரைக்குத்தான் தொடங்கியது. ஒருவர் விடாமல் பொன்னாடை போர்த்தி, போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்தி முடிக்க வேண்டியிருந்தது. சவுண்ட் செக்குக்கு நேரமில்லை. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடறிந்த விதி. போலீஸ் வந்து நிறுத்தியதும், "நாலு பாட்டு குறையுதே" என்று எங்களிடம் கோபப்பட்டீர்கள். போர்த்திய துண்டுகளில் நாலைக் குறைத்திருந்தால் பாட்டு குறைந்திருக்காது. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

ரூ. 1,500 உங்கள் வரவு செலவில் வாழைமரம் கட்டிய செலவுக்குக்கூட வராது. எனக்கு அது அன்றைய கச்சேரிக் கூலியில் பெரும்பகுதி. முகூர்த்த நாட்களில் திருவந்திபுரம் பக்கம் வரவேற்புக் கச்சேரி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாசி மகத்துக்கும் எங்கள் குழுவையே கூப்பிடப்போவதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி, வருகிறோம். தொகுப்பாளர் என்னை வைத்து இன்னும் இரண்டு ஜோக் சேர்த்தே சொல்லட்டும், தடையில்லை. அதற்கு முன் அந்த ரூ. 1,500-ஐக் குழுத் தலைவரிடம் சேர்த்துவிடுங்கள். ஜிபேயில் அனுப்பினாலும் சரிதான். முடிந்தால் பேஸ் பாக்ஸ் ஒன்றுக்கும் சொல்லிவையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பேஸ் கிடார் வாசிப்பவன்