ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் காமிக்ஸ் போடுங்கள், சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். அத்தனையும் உண்மை, எங்கள் வீட்டிலேயே அதுதான் நிலைமை. என் மகள் ஏழாம் வகுப்பு. தூரத்தில் வருகிற பி.எம்.டி.சி. பஸ்ஸின் கன்னட போர்டை எனக்கு முன்னால் படித்துவிடுவாள். இங்கிலீஷ் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் லாவண்யா தியேட்டர் வாசலில் தமிழ்ப் பட போஸ்டர் ஒட்டியிருந்தால் அதில் யார் மூஞ்சி இருக்கிறது என்று பார்த்துத்தான் என்ன படம் என்று சொல்வாள். பேச்சில் ஒரு குறையும் இல்லை, வீட்டில் வாயை மூடவே மாட்டாள். எழுத்துதான் ஏறவில்லை. சரி, நோயை நன்றாகச் சொன்னீர்கள், மருந்துதான் எனக்கு ஒத்துவரவில்லை. தினமும் ஒரு குறளை உரக்கப் படிக்க வைக்க வேண்டுமாம். காலை ஏழே காலுக்கு ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற வீட்டில் எந்தக் குறளை, எத்தனை மணிக்கு?

எனக்கும் பள்ளியில் தமிழ் கிடையாது, இங்கிலீஷும் கன்னடமும்தான். அம்மா எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு படிக்க வைத்தது காமிக்ஸ். முதலில் ஒரு தினசரியில் நாள்தோறும் வந்த கன்னித்தீவு, சிந்துபாத்தின் படக்கதை. (எந்தப் பேப்பர் என்று நான் எழுதவில்லை, அதனால் நீங்களும் வெட்ட வேண்டியதில்லை.) அப்பா ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து பேப்பரும் கையுமாக வருவார், நான் சிந்துபாத் இருக்கிற பக்கத்தை மட்டும் உருவிக்கொள்வேன். கதை ஒரு நாளைக்கு ஒரு அடி நகர்ந்தாலே பெரிய விஷயம், இழுத்துக்கொண்டே போகிற எதையும் கன்னித்தீவு மாதிரி என்று ஊரே சொல்வது சும்மா இல்லை. ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பையனுக்கு இரண்டு மூன்று கட்டம் சரியான அளவு. முடித்துவிட்டோம் என்ற திருப்தி தினமும் கிடைக்கும்.

1984இல் ராணி காமிக்ஸ் வந்தது, அதே வருடம் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் வந்தது. கோலார் தங்கவயலில் இருந்த மாமா அதற்கு முன்பே 1972இல் ஆரம்பித்த முத்து காமிக்ஸைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். ரயிலில் வரும்போது மஞ்சள் பையில் நாலைந்து போட்டுக் கொண்டுவருவார், திரும்பும்போது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார். நாயகர்கள் இரும்புக்கை மாயாவி, துப்பறியும் ரிப் கெர்பி, மந்திரவாதி மாண்ட்ரேக், கூடவே அவன் துணையாள் லொதார். எல்லாம் கறுப்பு வெள்ளை, சாணித்தாள். சிவாஜிநகர் பஸ் நிலையத்துக் கடையில் புது இதழைக் கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள், கையில் காசு இல்லாவிட்டாலும் அட்டையைப் பார்த்துவிட்டு வர ஒரு நடை போவோம்.

ஏன் காமிக்ஸில் எழுத்து ஏறுகிறது என்றால், தெரியாத வார்த்தையைப் படம் பிடித்துக் கொடுத்துவிடும். லக்கி லுக் என்ற கௌபாய் கதையில் வில்லன்களான டால்டன் சகோதரர்கள் நாலு பேரும் உயர வரிசையில் நிற்பார்கள், குட்டையாக இருக்கிற ஜோ எப்போதும் கோபத்தில் கத்துவான். வாய்க்கு மேலே இருக்கிற பேச்சு பலூனில் என்ன எழுதியிருக்கிறது என்று பாதி படிக்கும்போதே மீதி தெரிந்துவிடும். ஒரு படக் கட்டத்துக்குள் பத்து வார்த்தைக்கு மேல் இருக்காது. டுமீல், ணங், தடால் எல்லாம் பெரிய பெரிய எழுத்தில் இருக்கும், ண-வுக்கும் ன-வுக்கும் சுழி எத்தனை என்று எனக்குப் பிடிபட்டது அந்த ணங்-கில்தான். பக்கத்து வீட்டுக் கன்னடப் பையன் ஒருவன் படம் பார்க்க வந்து உட்கார்ந்துகொள்வான், அவனுக்கு நான் கட்டம் கட்டமாகக் கன்னடத்தில் சொல்ல வேண்டும். தப்பாகப் படித்து எதையாவது உளறினால் அடுத்த கட்டத்துப் படம் காட்டிக் கொடுத்துவிடும், அவன் சும்மா விடமாட்டான். எந்த டீச்சரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர் விவகாரத்தில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்து, தமிழ்ப் படம் ஓடின தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது, வெளியே போகாதே என்று வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அப்போதும் அந்தக் கன்னடப் பையன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான். பழைய காமிக்ஸ் கட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சினிமாவும் காமிக்ஸும் எங்களுக்குத் தனித்தனி இல்லை. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய கங்கா மாதிரிப் படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வருவார், அது எங்களுக்கு காமிக்ஸில் வருகிற கௌபாய் டெக்ஸ் வில்லர்தான். காலைக் காட்சியாகப் பழைய படம் போட்டால் அப்பா விடமாட்டார், என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பின்னால் 2010இல் சிம்புதேவன் இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் என்ற கௌபாய் படத்தை எடுத்தபோது, அந்த ஆளும் நம்மைப் போல் காமிக்ஸைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்தான் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. படம் கொஞ்சம் நீளம், அது வேறு விஷயம்.

இப்படிச் சொன்னதும், பழைய மாயாவியைத் தூசி தட்டிப் போட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வேண்டுகோள் அது இல்லை. லயன், முத்து காமிக்ஸ் போடுகிற சிவகாசிக்காரர்கள் இன்றும் நல்ல தாளில், முழு வண்ணத்தில், கெட்டி அட்டையில் புத்தகம் போடுகிறார்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் என் நண்பர்கள் வட்டத்தில் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிற, தலையில் பாதி முடி போன ஆசாமிகள். ஒருத்தர் வீட்டிலும் பிள்ளைகள் தொடுவதில்லை. மகளை உட்கார வைத்து இரும்புக்கை மாயாவியை நானே படித்துக் காட்டினேன். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும்தான் தெரியும் என்றேன். "கைதான் தெரியுதே, அப்புறம் ஏன்ப்பா யாரும் அந்தக் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இத்தனை வருடத்தில் எங்கள் செட்டில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி! அவளுக்கு அவள் காலத்துக் கதை வேண்டும்.

அவளுக்குப் பிடித்த தமிழ்ப் படம் மாவீரன். 2023இல் வந்ததிலிருந்து எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை, எல்லாம் இங்கிலீஷ் சப்டைட்டிலோடு. அந்தப் படத்தின் நாயகன் என்ன வேலை செய்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ்ப் பேப்பருக்குப் படக்கதை வரைகிறான். நிஜப் பேப்பரில் அந்த மாதிரி எங்கே வருகிறது என்று கேட்டாள். உங்கள் ஞாயிறு இணைப்பை எடுத்துக் கொடுத்தேன். சிறுவர் பக்கத்தில் ஆறு வித்தியாசங்கள், ஒரு பொது அறிவுக் கட்டம், பாட்டி சொன்ன நீதிக் கதை. புரட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

அதனால் கேட்கிறேன், அரைப் பக்கம் கொடுங்கள். புதுக் கதையாக இருக்கட்டும், இந்த ஊரில் நடக்கட்டும். அல்சூர் ஏரியும் மெட்ரோவும் சில்க் போர்டு டிராபிக்கும் வரட்டும், கதையில் வருகிற பிள்ளைகள் இங்கே பேசுகிற மாதிரி நடுவில் இரண்டு கன்னட வார்த்தை போட்டுப் பேசட்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். நாலைந்து வாரத்தில் கதை முடிய வேண்டும், சிந்துபாத் மாதிரி இழுத்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். கடைசிக் கட்டத்தில் நீதி வேண்டவே வேண்டாம். வரைகிறவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்துப் பெயரும் போடுங்கள், மாவீரன் படத்தில் அந்தப் பையன் ஆரம்பத்தில் படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள்.

இன்னொன்று. தயவுசெய்து அதை மணமகன், மணமகள் தேவை பக்கத்துக்குப் பின்னால் அச்சடிக்காதீர்கள். என் மச்சினனுக்குப் பெண் பார்க்கிறோம், ஞாயிறு காலை காபிக்கு முன்னாலேயே என் மனைவி கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு